மஞ்சள் வைத்த மவுஸ் பேட்

அருண்பாண்டியனின் முதல் வருஷத் தெவசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவனுடைய அப்பா சுப்பராயலு விடிந்ததும் முகம் மழித்து, வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மகள் கனிமொழியின் எதிரில் வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுருட்டிய நீளமான பொட்டலம். ஆபீசுக்கு லீவு சொல்லு, சிதம்பரம் வரைக்கும் போய்வரணும் என்றார். எதற்கு என்று கனிமொழி கேட்கவில்லை. பொட்டலத்தின் முனையில் கறுப்பு ரப்பர் எட்டிப் பார்த்தது.

அது அருணின் மவுஸ் பேட். உள்ளங்கை அளவுச் சதுரம் அல்ல. மேலே துணி, அடியில் ரப்பர் என்று மேஜையின் முக்கால் பங்கை மூடிக் கிடக்கும் பெரிய பேட். அருண் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறவன். பகலெல்லாம் கடலூர் தெருக்களில் ஏணி போட்டு வீடு வீடாக இன்டர்நெட் கேபிள் இழுப்பான். சாயங்காலம் ஆறரைக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் எட்டரைக்குத்தான் எழுந்திருப்பான். கூடப் படித்த நசீர் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். அவன் அங்கே, இவன் இங்கே கூத்தப்பாக்கத்து வீட்டில், இரண்டு பேரும் ஒரே அணி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மச்சான் மாடிப்படிகிட்ட ரெண்டு பேர் நிக்கிறானுங்க என்று அருண் கிசுகிசுக்க, அம்மா சௌந்தரம் முதல் வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டில் திருடன் புகுந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேடைக் கெடுத்தது சுப்பராயலுதான். நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையில் முப்பத்தோரு வருஷம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரம். இஸ்திரி போடும் மேஜை மேல் அரிசி மூட்டை ஏறியிருந்தது. மகனுடைய மேஜையைப் பார்த்தார். மேலே துணி, அடியில் மெத்தென்று ரப்பர். இஸ்திரி போடுவதற்கென்றே யாரோ விரித்து வைத்தது போல இருந்தது. சட்டையின் முதுகுப்பக்கம் முடிந்தது. போன் அடித்தது. பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போனவர் பெண் வீட்டாரின் ஊர், உறவு எல்லாம் பேசி முடித்துத் திரும்பியபோது வீடெல்லாம் டயர் எரிந்த நாற்றம்.

வேலை முடிந்து வந்த அருண் குனிந்து பார்த்தான். நட்ட நடுவில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் துணி கருகி, ரப்பர் உருகி, பள்ளம் விழுந்திருந்தது. திட்டுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் தலையைச் சாய்த்து இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, அப்பா கப்பல் விட்டிருக்காரு என்றான். சுப்பராயலுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆயுசுக்கும் உழைக்கிற மாதிரி ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். அவசரமில்லை, நீயே ஒருநாள் நசீர் கடைக்கு வந்து பார்த்து எடு என்று அவனும் விட்டுவிட்டான். அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

அதுவரைக்கும் வீட்டில் தினமும் ஒரு கூத்து. சண்டை மும்முரத்தில் மவுஸ் போய் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் மாட்டும். திரையில் அருண் சுடப்பட்டு விழுவான். உள்ளேயிருந்து குரல் வரும்:

"யப்பா, உன்னாலதான் செத்தேன்."

கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் சுப்பராயலு தலையைக்கூடத் திருப்ப மாட்டார்.

"செத்துட்டு வந்து சோறு தின்னு."

அம்மா சிரிப்பாள். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருந்ததால் அப்பா வீட்டில் தங்கியிருந்த கனிமொழியும் சிரிப்பாள். ஹெட்போனில் அந்தப் பக்கம் நசீர் சிரிப்பது அருணுக்குக் கேட்கும். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அவன் செத்தான்.

அந்த மழையிலேயே காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்தாறு வயது.

மருத்துவர் சொன்னதெல்லாம் சுப்பராயலுவுக்குப் புரிந்தது. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் வீட்டை விட்டுப் போகவில்லை, மகன் சொன்னது ஒன்று, தான் சொன்னது ஒன்று. அன்றிலிருந்து அவர் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. தட்டு வைத்தால் பேசாமல் வந்து உட்காருவார். ஒருநாள் மத்தியானம் அவர் மகனுடைய மேஜை முன்னால் நின்று, மவுஸை அந்தப் பள்ளத்தின் மேல் நகர்த்தி, அது மாட்டுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கனிமொழி கண்டாள். காணாதது போலப் போய்விட்டாள்.

தெவசத்துக்கு அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைக்கவேண்டும் என்று அம்மா சொன்னபோது, கறுப்பு டீ ஷர்ட், புரோட்டா, பாட்டில் மாம்பழ ஜூஸ் என்று பட்டியல் வளர்ந்தது. சுப்பராயலு கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். நான் சொன்ன மவுஸ் பேட் ஒன்று இருக்கிறது.

கனிமொழி போனில் படங்களைக் காட்டி, இரண்டு நாளில் வீட்டுக்கே வரும் என்றாள். அவர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. "ரப்பர தொட்டுப் பாக்காம வாங்குவாங்களா, கனி?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சிதம்பரத்தில் இறங்கி நடந்தார்கள். நசீரின் கடை மேலவீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில். அவன் எழுந்து வந்து சுப்பராயலுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். மாமா, உக்காருங்க என்றான். பிறகு டீ சொல்லி அனுப்பினான்.

விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குச் சுறுசுறுப்பு வந்தது. கடையில் இருந்ததை ஒவ்வொன்றாக விரித்தான். முதலில் ஓரத்தில் வண்ண விளக்கு எரியும் பேட்.

"இது ராத்திரில சூப்பரா எரியும் மாமா."

"எரியறது வாணாம்பா. எரிஞ்சத கையோட கொண்டாந்துருக்கேன்."

பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் விரித்தார். நசீர் அந்தக் கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தானே தவிரப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு விளக்குப் பேடைச் சுருட்டி உள்ளே வைத்தான்.

அதன் பிறகு கடைக்காரர் சுப்பராயலு ஆகிவிட்டார். கடினமான பிளாஸ்டிக் பேடை நகத்தால் ஒரு தடவை கீறிப் பார்த்து, இது தானும் தேயும், மவுஸோட அடியையும் தேய்க்கும் என்று தள்ளினார். படம் அச்சடித்த ஒன்றைக் கட்டைவிரலால் நாற்பது தடவை தேய்த்து, விரலைக் கனிமொழிக்குக் காட்டினார், லேசாகச் சாயம். மெல்லிசாக ஒன்றை மடித்துப் பிடித்து விட்டு, மடிப்பு மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். ஒன்றை முகர்ந்தார். ஆலையில் அவருடைய வேலையே கரும்புச் சக்கை ஓடும் பெரிய ரப்பர் பெல்ட்டுகளோடுதான். கடலூர் உப்புக் காற்றிலும் வேர்வையிலும் எந்த ரப்பர் பிசுபிசுக்கும், எது நிற்கும் என்று அவருக்கு விரல் சொல்லும்.

"பெல்ட்டு நடுவுல போவாது தம்பி. ஓரத்துலதான் மொதல்ல வாயத் தொறக்கும். துணியும் ரப்பரும் ஒட்டுனதுதான? ஒட்டுனது வுட்டுப்போவும். தச்சது இருந்தா எடு."

நசீர் அலமாரி மேலிருந்து ஒன்றை எடுத்தான். படமில்லாத கறுப்பு, கனமான ரப்பர், நாலு ஓரமும் நெருக்கமாகத் தைத்தது. தையல் துணியைவிட மேலே ஏறி மணிக்கட்டை அறுக்காமல் தாழ்வாக இருந்தது. அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு போட்டு அலசி நிழலில் உலர்த்தச் சொன்னான். வெயிலு பட்டா ரப்பர் வெடிக்கும், தெரியும் என்றார் சுப்பராயலு. தையலை ஓரத்தோடு ஓரமாக நகத்தால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். எங்கேயும் நூல் எழவில்லை.

"மவுஸு எங்கியாவது மாட்டுமா?"

மாட்டாது என்று நசீர் சொன்னான். விளையாடிக் காட்டு என்றார் அவர்.

நசீர் தயங்கினான். ஒரு வருஷமாக அவன் அந்த விளையாட்டைத் திறக்கவில்லை. இருந்தாலும் புதுப் பேடைத் தன் மேஜையில் விரித்து, ஆளில்லாத பயிற்சி மைதானம் ஒன்றைத் திறந்து, பலகைப் பொம்மைகளைச் சுட ஆரம்பித்தான். சுப்பராயலு திரையைப் பார்க்கவில்லை. குனிந்து அவன் கையைப் பார்த்தார். கை சட்டென்று இடது பக்கம் பாய்ந்தது, திரும்பியது, நடுவில் நின்றது. துணியின் மேல் மவுஸ் உரசும் சத்தம் மட்டும்.

"அவன் கத்தறது ஒனக்கும் கேக்குமா?" என்றார் திடீரென்று.

நசீர் கையை எடுத்தான். எதைக் கேட்கிறார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"கேக்கும் மாமா. பாதி தடவ நாந்தான் காரணம். அவன் பின்னாடி நிக்காம பயந்து ஓடிருவேன். என்னைய திட்டக் கூடாதுன்னு உங்க பேர சொல்லுவான்."

சுப்பராயலு அவன் முகத்தையே பார்த்தார். என் மனசு ஆறட்டும்னு சொல்ற என்றார். டீ ஆறிப் போயிருந்தது, அதையே குடித்தார். பஸ்ஸில் வரும்போது பழைய சுருளைப் பக்கத்தில் வைத்து, புதுச் சுருளை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

தெவசத்தன்று வாழையிலைக்கு முன்னால் டீ ஷர்ட்டையும் பேடையும் வைத்தார்கள். புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் தொட்டு வைப்பது வழக்கம். டீ ஷர்ட்டுக்கு அம்மா வைத்தாள். பேடுக்குச் சுப்பராயலு தானே மஞ்சளைக் குழைத்து, வலது மேல் மூலையில் ஒரு பொட்டு அழுத்தினார். கறுப்பில் அது பளிச்சென்று நின்றது.

நசீர் வந்திருந்தான். படைத்ததை அவன் சாப்பிட மாட்டான் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் செய்வது போல, சௌந்தரம் படைப்பதற்கு முன்பே அவனுக்கான சோற்றையும் குழம்பையும் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தாள்.

படைத்து முடிந்த பிறகுதான் சிக்கல் வந்தது. படைத்த துணியை யாராவது எடுத்து உடுத்தவேண்டும். பெட்டியில் பூட்டினால் போனவனுக்குச் சேராது என்பார்கள். டீ ஷர்ட்டைச் சித்தப்பா மகன் வாங்கிக்கொண்டான். பேடை எடுக்க ஆளில்லை. சுப்பராயலு நசீரைப் பார்த்தார். நசீர் தலையைக் குனிந்துகொண்டான். வேண்டாம் என்று சொல்லவும் அவனால் முடியவில்லை, கை நீட்டவும் முடியவில்லை.

"அந்தப் புள்ளைய ஏன் சங்கடப்படுத்துற?" என்றாள் சௌந்தரம் மெதுவாக.

சுப்பராயலு பேடை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். ஆயுசுக்கும் உழைக்கும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியது பீரோவுக்குப் போகப் போகிறது. அவர் சுருட்டிய விதத்தைப் பார்க்கப் பொறுக்காமல் கனிமொழி கையை நீட்டினாள்.

"குடுப்பா. நா வெளையாடறேன்."

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். முப்பத்திரண்டு வயதில், பத்திர ஆபீசில் டைப் அடிப்பவள். நசீர்தான் முதலில் சிரித்தான். "அக்கா, எனக்கும் அணிக்கு ஆளில்ல" என்றான்.

மறுநாள் சாயங்காலம் அவள் அருணின் மேஜையில் பேடை விரித்தாள். மஞ்சள் பொட்டு மவுஸ் இருக்கும் பக்கம் வந்தது. சிதம்பரம் போய்த் திரும்பிய பழைய பேடை மறுபடி அதன் இடத்திலேயே விரித்து, அடியில் விட்டிருந்தார்கள். தூக்கிப் போட யாருக்கும் மனசில்லை. ஆனால் கனமான புதுப் பேடுக்குக் கீழே அந்தப் பள்ளம் கைக்குத் தெரியவே இல்லை. ஹெட்போனை மாட்டினாள். நசீர் சிதம்பரத்திலிருந்து, இடது கை இங்கே, வலது கை இங்கே என்று சொல்லிக் கொடுத்தான். கீபோர்டு அவளுக்குப் பிரச்சினை இல்லை; பார்க்காமலே விரல் போகும். மவுஸ்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், ஒரு சுவரை வெகுநேரம் பார்த்தாள். குனிங்க அக்கா, குனிங்க என்று நசீர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ முதுகில் சுட்டுவிட்டார்கள். திரை சிவந்தது.

"செத்துட்டேன்" என்றாள் வாய்விட்டு. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கூடத்தில் டிவி சத்தம் நின்றது. சுப்பராயலு வாசற்படியில் வந்து நின்றார். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது.

"மாட்டிச்சா?"

கனிமொழி ஹெட்போனைக் கழற்றினாள். மவுஸை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் இழுத்துக் காட்டினாள். "இல்லப்பா. மாட்டவே இல்ல. வழுவழுன்னுதான் போவுது. எனக்கு வெளையாடத் தெரியல, நானாதான் போயி செத்தேன்."

அவர் உள்ளே வந்தார். கட்டைவிரல் நகத்தால் தையலை ஓரமாகத் தடவினார், மஞ்சள் பொட்டைத் தாண்டி, மூலை திரும்பி. பிறகு அவளிடமிருந்து மவுஸை வாங்கித் தானே ஒரு முறை தள்ளிப் பார்த்தார். அது எங்கேயும் நிற்காமல் போய் மேஜையை ஒட்டிய சுவரில் இடித்தது.

தலையை ஆட்டிக்கொண்டார். கூடத்துக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து, டிவியை மறுபடி போட்டார். சமையற்கட்டில் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தது கனிமொழிக்குத் தெரிந்தது. அவளும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

செய்தியில் ஏதோ ஒரு தலைப்பு ஓடி முடிந்த பிறகு, தலையைத் திருப்பாமலே அவர் சொன்னார்:

"செத்துட்டு வந்து சோறு தின்னு."