பிள்ளையின் அறைக்கு ஈரம்

எங்கள் வீட்டில் மூக்கடைத்தது பிள்ளைக்கு. மூச்சு முட்டியது எனக்கு.

கிரணுக்கு ஐந்து மாதம். கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் ஹீட்டரைப் போட்டால் உதடு வெடிக்கும், நிறுத்தினால் பிள்ளையின் கால் விறைக்கும். தடிமன் வந்து மூக்கு அடைத்துவிட்டால் அவனால் பால் குடிக்க முடியாது. இரண்டு இழுவை இழுப்பான், மூச்சுத் திணறும், விட்டுவிட்டு அழுவான். போன முறை நிறை பார்த்த தாதி, நிறை ஏறவில்லை என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கு அந்த ஒன்றுதான் பயம். மற்ற எல்லாம் கோபம்.

கோபிக்க ஆட்களுக்கா குறைச்சல்? முதல் ஆள் என் கணவரின் அக்கா, மேரிசாந்தி மச்சாள். நாலு பிள்ளை வளர்த்தவர், அடுத்த தெருவில் இருப்பவர். அவருக்குத் தெரியாதது இந்த உலகத்தில் இல்லை. காற்றில் ஈரம் காணாது, ஒரு ஹியூமிடிஃபையர் வாங்கப் போகிறேன் என்றதும் பிடித்துக்கொண்டார்.

"மெஷினும் கிஷினும் ஏன்? சட்டியிலை கொதிதண்ணியை வைச்சு வேது பிடியும். நாங்கள் அப்பிடித்தானே வளர்த்தனாங்கள்."

"மச்சாள், சட்டி தட்டுப்பட்டால் பிள்ளை அவிஞ்சு போகும்."

"உமக்கு எல்லாத்துக்கும் பயம், ஜெனிற்றா."

இரண்டாவது ஆள் என் கணவர் ஜெனோசன். 'நான் பார்த்து எடுக்கிறன்' என்று போனில் தேடு தேடென்று தேடி ஒன்றை வரவழைத்தார். திறந்து பார்த்தால் சுடுநீராவி விடும் மெஷின். கை பட்டால் கொப்பளிக்கும். வாசனை எண்ணெய் விட ஒரு தட்டு வேறு. திருவிழா மாதிரி ஏழு நிறத்தில் லைற். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு நானே வாசித்துத் தெரிந்து எடுத்தேன். மூடுபனி மாதிரிக் குளிர்ந்த புகார் விடுவது, தண்ணீர் முடிந்தால் தானாக நிற்பது, கையை உள்ளே விட்டுக் கழுவக்கூடிய அகலமான வாய் உள்ளது.

"இதிலை லைற் இல்லையே," என்றார் ஜெனோசன். இந்த மனிதரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

லண்டன் குழாய்த் தண்ணீர் கேத்திலுக்குள் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிவதை எல்லோரும் கண்டிருப்பார்கள். அதே தண்ணீரை இந்த மெஷினுக்குள் விட்டால் அந்தச் சுண்ணாம்பைத் தூளாக்கி அறை முழுக்கத் தூவும். பிள்ளை அதைத்தான் சுவாசிக்கும். அதனால் கடையில் விற்கும் டிஸ்டில்ட் தண்ணீர் மட்டும் விட்டேன். எண்ணெய், தைலம் ஒன்றும் இல்லை. தொட்டிலுக்குக் கிட்டே இல்லாமல் எதிர்ப்பக்க அலுமாரியின் மேல் வைத்தேன். அறையின் ஈரத்தைக் காட்டும் ஈரமானி ஐம்பது வீதத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடித்துத் தலையிடி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும். காலையில் மிச்சத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுக் கழுவிக் காயவிடுவேன். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் நொந்து, கடைசியில் கத்தினேன்.

"என்னைத் தவிர ஒருத்தரும் இந்த மெஷினைத் தொடக்கூடாது!"

ஜெனோசன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அறையை விட்டுப் போனார்.

முதலில் மூக்கு இளகியது. நிம்மதியாக இருந்தேன். அடுத்த கிழமை இருமல் தொடங்கியது. அலுமாரியைத் துடைத்தால் துணியில் வெள்ளைத் தூள். அப்பொயின்ட்மென்ட் எடுக்கக் காலை எட்டு மணிக்கே போனைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடந்து, ஒருவாறு டொக்டரிடம் போனேன். நெஞ்சில் சளி இறங்கவில்லை என்றார். உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து தந்தார். வெள்ளைத் தூளைப் பற்றிச் சொன்னதும், மெஷினுக்கு என்ன தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டார். டிஸ்டில்ட் தண்ணீர் மட்டும்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்படியானால் தூள் படியக்கூடாதே. இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்."

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைப் பார்த்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் லூர்து மாதா நின்றார். எங்கள் சனம் கோடையில் கோச் பஸ் பிடித்துப் பிரான்சிலுள்ள லூர்துக்குப் போய், மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவரும். நீலக் கிரீடம்தான் மூடி. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று மச்சாள் தந்தது. கழுத்துவரை இருந்த தண்ணீர் இப்போது முழங்காலுக்கு இறங்கியிருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து மச்சாள் வந்தார். கோட்டைக் கழற்றக்கூட விடவில்லை.

"மச்சாள், மாதா தண்ணியை மெஷினுக்குள்ளை ஊத்தினீங்களோ?"

"நான் ஏன் அந்தச் சனியனைத் தொடுறன்? அது வேண்டாம் எண்டு சொன்னதே நான்தானே."

அது உண்மை. "சரி, அது எப்பத்தைய தண்ணி?"

"அது கன வருசம். என்ரை வீட்டிலை இருக்கேக்கை, குறையக் குறைய நான் பைப்பிலை பிடிச்சு விடுறனான். கலந்தாலும் ஆசீர் குறையாது."

"எந்தப் பைப்பிலை?"

"எங்கட குசினிப் பைப்பிலைதான்."

சோபாவில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஜெனோசன் தன் காலுறையை உற்றுப் பார்த்தார்.

"ஜெனோ?"

"கொஞ்சம்தான்," என்றார். "ஒவ்வொரு நாளும் படுக்க முன்னம், ரெண்டு மூடி."

அக்கா காருக்குத் தீர்த்தம் தெளித்தபோது, 'இதுக்கு எம்ஓரி கார்ச் சோதனை பாஸாகுமோ' என்று பகிடி விட்டவர் இவர்!

"அது லூர்துத் தண்ணியில்லை, பார்க்கிங் பைப் தண்ணி! வருசக்கணக்கா பிளாஸ்டிக்குக்குள்ளை கிடந்து பாசி பிடிச்ச தண்ணி! அதைப் புகாராக்கிப் பிள்ளையின்ரை நெஞ்சுக்குள்ளை அனுப்பியிருக்கிறியள்! தீர்த்தம் நெத்திக்கு, மூக்குக்கில்லை!"

மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜெனோசன் மெல்லச் சொன்னார். "ராவிலை அவன் மூச்சை இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறன். பால் குடுக்கிறது நீர். கழுவுறது நீர். டொக்டரோடை கதைக்கிறதும் நீர். கிட்டப் போனால் தொடாதேங்கோ எண்டு கத்துறீர். எனக்கும் அவன் பிள்ளைதானே. நான் வேறை என்னத்தைச் செய்யிறது?"

கோபம் போகவில்லை, ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. மெஷினின் தண்ணீர்த் தாங்கியையும் தூரிகையையும் வினிகர்ப் போத்தலையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன்.

"வினிகர் விட்டு ஊறவிடுங்கோ. பிறகு மணம் போகுமட்டும் அலசுங்கோ. காயாமல் மூடக்கூடாது. நாளைக்கும், நாளையிண்டைக்கும். இனி நான் அதைத் தொடமாட்டன்."

அவர் குசினிக்குப் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "இதுக்குள்ளை முழுக் கையும் போகுதே!" என்றார், ஆச்சரியமாக.

"கை போறதுக்குத்தானே அதை வாங்கினனான்!"

நான் போட்ட சத்தத்தில் கிரண் திடுக்கிட்டுத் தும்மினான். பிறகு பாலைத் தேடினான். மடியில் போட்டேன். ஒரு இழுவை, இரண்டு, மூன்று. விடவில்லை. நான் அசையாமல் இருந்தேன்.

"இப்ப மணக்கேல்லை. ஒருக்கா வந்து பாருமன்!" குசினியிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"வரேலாது," என்றேன். "பிள்ளை குடிக்கிறான்."