நின்ற சண்டைக்குக் கேசரி

ஒரு நாடு எப்போது படையை அனுப்ப வேண்டும், எப்படி அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் ஆவடியில் வீராசாமியின் டீக்கடைதான் முடிவு செய்யும். அங்கே தலைவர் லட்சுமணன். அவனும் நானும் டாங்கித் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். டாங்கிக்கு நட்டு முடுக்கிய கை என்பதால் போர் நடத்தவும் தெரியும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

எல்லையில் சண்டை மூண்டதும் கடையில் உட்கார இடமில்லை.

"சும்மா உட்டா மறுபடியும் வந்து சுடுவான். செத்தவங்களுக்கு இன்னா பதிலு? உள்ள பூந்து அடிக்கணும்," என்றான் லட்சுமணன்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் எல்லை தாண்டி வந்து சுட்டுப்போட்டவர்களின் பிணங்களை டிவியில் பார்த்துவிட்டு நானும் சோறு இறங்காமல் கிடந்தவன்தான்.

"அண்ணாத்தே, நீ சொல்லு. உன் புள்ள அங்கதானே கீறான். டாங்கி எப்ப உள்ள போவும்?" என்று வீராசாமி என்னைக் கேட்டான்.

என் மகன் ஜெர்வின் ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறான். கடை மொத்தமும் என் வாயைப் பார்த்தது. பையன் பேசினானா, எப்படி இருக்கான் என்று ஒருத்தராவது கேட்பார்களா என்று நானும் பார்த்தேன். அவன் போன் அணைந்தே கிடந்தது.

"மேல கீறவங்க பாத்துப்பாங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இரண்டு பேர் எனக்கு சல்யூட் அடித்தார்கள். எரிச்சலாக வந்தது.

வீட்டில் பேச ஆள் கிடையாது. லூர்தம்மாள் இருந்திருந்தால் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்து, புருஷன் என்றும் பார்க்காமல் என்னையும் முட்டி போட வைத்திருப்பாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் டிவியைப் போட்டுவிட்டு போனைப் பார்த்தபடி இருந்தேன். பயமாக இருந்தது. அந்த வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தவன் நான். மேல்மூடியை மூடினால் உள்ளே எவ்வளவு குறுகல் என்று எனக்குத் தெரியும். நாடு அடிக்கட்டும், என் பிள்ளையும் முழுசாகத் திரும்பி வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றாக நடக்குமா என்று யோசிக்கத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், சண்டை நிறுத்தம் என்று டிவி சொன்னது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ரவையை எடுத்துக் கேசரி கிண்டினேன். நெய் கூடிப்போனது, அங்கங்கே கட்டி தட்டியது. பரவாயில்லை என்று ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு சித்ராவிடம் போனேன்.

"இன்னாண்ணே விசேஷம்? ஜெர்வினுக்குப் பொண்ணு பாத்துட்டியா?"

"சண்ட நின்னுடுச்சும்மா."

அவள் முகம் விழுந்தது. "அதுக்கா? முடிக்கிற நேரத்துல நிறுத்திட்டாங்கன்னு எங்க ஊட்டுக்காரரு சாப்டாமப் படுத்துகினு கீறாரு." மரியாதைக்கு ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டாள்.

டீக்கடை இழவு வீடு மாதிரி இருந்தது. லட்சுமணன் தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தான்.

"டாங்கி செஞ்ச கையிடா இது. கேசரி கிண்டுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மூடியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். துக்கத்துக்காவது நாலு பேர் வருவார்கள்; என் சந்தோஷத்துக்கு ஒரு நாதி இல்லை. ஜெர்வின் கூப்பிடட்டும், அவனாவது என்னோடு சேர்ந்து சந்தோஷப்படுவான் என்று காத்திருந்தேன்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் போன் அடித்தது.

"ப்பா."

குரலைக் கேட்டதும் அழுதேவிட்டேன். அவனுக்குக் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நல்லா கீறியாடா?"

"எனக்கு இன்னா. வெறுப்பா கீதுப்பா. வண்டிய ரெடி பண்ணிகினு உக்காந்திருந்தோம். இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தா முடிச்சிருப்போம். இங்க எல்லாருக்கும் கடுப்பு. ஊர்லயும் அப்டித்தானாமே? உனக்கும் கடுப்பாத்தானே கீது?"

"இல்லடா. எனக்கு சந்தோஷமா கீது. நீ உசுரோட கீறே, அது போதும்."

அவனுக்குப் பின்னால் யாரோ இந்தியில் பேசிச் சிரிப்பது கேட்டது. பிறகு ஜெர்வின் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ப்பா, இத வெளிய யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காதே. எனக்கு அசிங்கம்."

"யார்கிட்டடா சொல்லப்போறேன்," என்றேன்.