பதினாறுக்குள்

"பூஜ்யம்! நல்லாப் பாரு. அவன் கரண்டே இழுக்கலைன்னு உன் மீட்டரே சொல்லுது. எழுதிக்கோ."

அக்காவின் கையில் என் மீட்டர் இருந்தது. அதன் இடுக்கி வாய்க்குள், பன் சுடும் மின்னடுப்பான அவனின் தடித்த வயரை முழுதாக நுழைத்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கம்பிச்சுருள்கள் செக்கச்செவேலென்று கனன்றன.

"ரெண்டு கம்பியையும் சேர்த்துக் கவ்வினா அப்படித்தான்க்கா காட்டும். போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சுடும். ஒத்தைக் கம்பியைக் கவ்வணும்."

"எங்க பேச்சு மாதிரின்னு சொல்லு. உன் மாமா ஒண்ணு சொல்வாரு, நான் ஒண்ணு சொல்வேன், கடைசில பூஜ்யம்." அக்கா சிரித்தாள். "அவருக்குப் பொறாமை வேற. நாள் முழுக்க 'அவன், அவன்'னே பேசுறேனாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையில் பள்ளிக்கூடம் கேட்ட மின் பாதுகாப்புச் சான்றிதழ்த் தாள் கிடந்தது. எலெக்ட்ரீஷியன் லைசென்ஸ் என்னுடையது. கையெழுத்தும் நான்தான் போட வேண்டும். இந்தச் சமையலறை லைன் பதினாறு ஆம்பியர்தான் தாங்கும். அவன் அதற்குள் அடங்கினால், திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடத்துக்கு இருநூறு பன் போடும் ஆர்டர் அக்காவுடையது. அடங்காவிட்டால் புது லைன் இழுக்க இரண்டு மாதம். ஆர்டர் வேறு யாருக்காவது போய்விடும். ஆறு மாதமாக நடையாய் நடந்து வாங்கிய ஆர்டர். பழைய அவன் என்பதால், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று சொல்லும் தகடும் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது.

சுவிட்ச் பெட்டியைத் திறந்து ஒற்றைக் கம்பியைக் கவ்வினேன். இருநூறு வோல்ட். பதினைந்து ஆம்பியர்.

"பதினஞ்சு! போடு கையெழுத்தை, ஃப்யூஸு."

சட்டென்று கோபம் வரும் என்பதால் சின்ன வயதில் அவள் வைத்த பெயர். பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கீழ்த்தளத்துப் பட்டறையின் பிரஸ் இயந்திரங்கள் தரையை இடித்துக்கொண்டிருந்தன. மேசையில் சிந்திய மாவு, எங்கேயோ கிளம்பப் போவதுபோல் நடுங்கியது. அந்த இயந்திரங்கள் ஓடுவதால்தான் வோல்ட் இருநூறுக்கு இறங்கியிருந்தது.

தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். இருநூறைப் பதினைந்தால் வகுத்தால் பதின்மூன்று புள்ளி மூன்று ஓம். சுருளின் அந்தத் தடை அப்படியேதான் இருக்கும். மாறுவது வோல்ட்.

"நீ எத்தனை மணிக்கு அவனைப் போடுவே?"

"விடியக்காலை நாலுக்கு. ஏன்?"

"அப்ப பட்டறை ஓடாது. முழுசா இருநூத்து முப்பது வரும். பதினேழேகால் ஆம்பியர் இழுப்பான். இப்ப மூவாயிரம் வாட்ஸ், அப்ப கிட்டத்தட்ட நாலாயிரம்."

"அதிகமானா ட்ரிப் ஆகிடும்ல?"

"இந்தக் கொஞ்சத்துக்கு ட்ரிப் சுவிட்ச் விழாது. மணிக்கணக்கா வயர்தான் சூடாகும். அது அப்பா கட்டில் பின்னாடி சுவருக்குள்ள போகுது."

பக்கத்து அறையில் அப்பா இருமினார். அக்கா அந்தப் பக்கம் பார்த்தாள். உடனே பார்வையைத் தாளுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் பொய் எழுதச் சொல்லலையே. மீட்டர் காட்டுறதைத்தானே எழுதச் சொல்றேன்?"

பட்டறையில் மதியம் ஒரு மணிச் சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரம். கீழே ஒரு பிரஸ் நின்றது. இன்னொன்றும் நின்றது. மாவு நடுங்குவது குறைந்தது. மீட்டரில் எண் நகர்ந்தது: பதினைந்து புள்ளி மூன்று. பதினைந்து புள்ளி ஆறு.

அக்கா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பேனாவைத் தாளில் வைத்தாள். அவள் விரல்களில் அவனின் சூடு இருந்தது.

"பதினாறு ஆகறதுக்குள்ள எழுதிடேன், ஃப்யூஸு."