மொட்டை மாடித் தேனடை

போன தடவை தேனடை எடுத்தபோது தையல்காரருக்குக் கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. முகம் வீங்கி மூச்சடைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. இனி ஒரு தேனீ கொட்டினாலும் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மொட்டை மாடியில் இருந்த தேனீப் பெட்டியை விற்றுவிட அவர் முடிவு செய்தார். வாங்க ஆள் வருவதற்குள் அடை நிறைந்துவிட்டது.

“நான் எடுக்கறேன்” என்றாள் மனைவி.

“உனக்குக் கரப்பான் பூச்சின்னாலே பயம்.”

“கரப்பான் தேன் குடுத்தா பயப்பட மாட்டேன்.”

முகத்துக்கு வலை மாட்டிக்கொண்டு, தேனீக்களை அடக்கப் புகைச்சட்டியோடு அவள் மாடிக்குப் போனாள். அவர் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றார். கதவிலிருந்த கண்ணாடி வழியே அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

“புகை போதும். ஓரத்துச் சட்டத்த எடு. அடை மேல மெழுகு மூடியிருக்கா?”

“மூடியிருக்கு. நீங்களும் கொஞ்சம் வாய மூடுங்க.”

மூடிக்கொண்டார். அவராக இருந்தால் தேனீக்களை உதறிவிட்டுச் சட்டென்று முடித்திருப்பார். அவள் தேனீக்கள் தாமாக விலகும்வரை, அடை தொங்கும் மரச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். அது அவருக்கு நிம்மதியாக இருந்தது; கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

திடீரென்று அவள் கையை உதறினாள். அவர் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

“தொறக்காதீங்க” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. “மறுபடி அந்த ஆஸ்பத்திரி வராண்டால என்னால உக்கார முடியாது.”

அவர் கையை எடுத்துவிட்டார்.

அடையைத் துண்டு போட்டு, டப்பாக்களில் வைத்து, தையல் கடை வாசலில் ஒரு ஸ்டூல் மேல் அடுக்கினார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த டீச்சர் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

“மெழுகோடயா திங்கணும்?”

“மென்னு சாறு இறங்கினதும் துப்பிடுங்க. முழுங்கினாலும் ஒண்ணும் ஆகாது” என்றாள் தையல்காரர் மனைவி.

டீச்சர் இரண்டு டப்பா வாங்கினாள். பொழுது சாய்வதற்குள் ஸ்டூல் காலியாகிவிட்டது.

மறுநாள் பெட்டி வாங்க ஆள் வந்தான். தையல்காரர் மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை.

“அவகிட்ட கேளுப்பா. இப்ப அது அவளோடது.”

வீங்கிய கட்டைவிரலோடு காஜா எடுத்துக்கொண்டிருந்த அவள் வந்தவனை நிமிர்ந்து பார்த்தாள். “பெட்டி விக்கறதுக்கு இல்லைங்க. எங்க அண்ணன் வீட்டுத் தோட்டத்துக்குப் போகுது.” பிறகு கணவரிடம், “அந்தப் பக்கம் நீங்க வரக் கூடாது” என்றாள்.

அவர் போகவில்லை. அவள் அங்கே போய்வரும் நாட்களில் வாசலிலேயே புடவையை நன்றாக உதறிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அன்று பெட்டியில் கண்டதையெல்லாம் அவள் சொல்ல, அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார்.