தூங்குவதற்கு ஒரு கார்

விடியப்போகும் நேரத்தில்தான் வெட்டு மிஷின் பேச ஆரம்பிக்கும். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். அதுவரை வெறுமனே அட்டையை நறுக்கிக்கொண்டிருந்த மிஷின், ஜன்னலில் வெளுப்பு தட்டியதும் ஆளைக் கூப்பிடுவது மாதிரி கேட்கும். சிலருக்கு அது அம்மாவின் குரல். கட்டருக்கு ஏதோ பாட்டு; ராகம் பிடிபடும், வார்த்தை பிடிபடாது. அட்டையைத் தள்ள வேண்டும், கையை இழுக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும். பாட்டில் லயித்துக் கையை இழுக்க மறந்தால் கதை முடிந்தது.

கட்டர் என்பது அவன் பார்க்கிற வேலை. ஒரே மிஷினில் நின்று நின்று அதுவே அவனுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. கோபம் வந்தால் மனைவிகூட, "என்ன கட்டர் சார்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அவர்களுக்கு முட்டுச்சந்துக்குள் ஒரே அறை. பகல் முழுக்க அதில் மனைவியின் தையல் மிஷின் ஓடும். சட்டைக் காலர் தைத்துக் கொடுக்கிற வேலை. இரவும் பகலும் மிஷினோடு மல்லுக்கட்ட முடியாமல், தூங்குவதற்கென்றே வாங்கியதுதான் அந்தப் பழைய கார். ஓடுமா என்று யாராவது கேட்டால், "ஓடும், தள்ளினா இன்னும் நல்லா ஓடும்" என்பான். சந்து முனையில் சுவரோரம் நிறுத்தி, பின்சீட்டில் மெத்தையைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டுப் படுத்தால் உலகம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். கைவண்டிச் சத்தம், ஹாரன், டீக்கடைப் பேச்சு எல்லாம் தூரத்தில் யாருக்கோ நடக்கிற விஷயமாகிவிடும்.

அந்தச் சந்தில் பாதிப்பேர் இரவு வேலைக்காரர்கள். துண்டு தொங்குகிற ஜன்னலை யாரும் தட்டக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். முன்பு ஒருமுறை பசைப் பிரிவில் இருந்த ஒருவனைப் பட்டப்பகலில் யாரோ வழி கேட்க எழுப்பிவிட்டார்கள். அன்றைய ஷிஃப்டில் அவன் விரல்கள் உருளைக்குள் போயின. அதற்குப் பிறகு பிள்ளைகள்கூட அந்த ஜன்னல்களைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள்.

ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தபோது காரின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. பின்கதவு நசுங்கி மெத்தைமேல் சாய்ந்து கிடந்தது. ஜன்னல் கண்ணாடி தூள் தூளாகச் சீட்டெல்லாம் மின்னியது. கட்டர் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மிஷின் பாட்டு இன்னும் காதில் இருந்ததால், இதுவும் அந்தப் பாட்டில் வருகிற ஒன்றுதான் என்று தோன்றியது.

மனைவி கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்தாள். "ஐஸ் வண்டிக்காரன்தான். மீன் கடையில கட்டி இறக்கிட்டு ரிவர்ஸ்ல வந்தான். எறங்கிப் பார்த்தான், தலையில கை வெச்சுக்கிட்டான். நாளைக்கு வந்து பேசறேம்மான்னு சொல்லிட்டுப் போனான்."

"வருவானா?"

"வரேன்னுதான் சொன்னான்."

மறுநாள் ஐஸ் வண்டி வந்தது. ஓட்டி வந்தது வேறு ஆள். அவனைக் கேட்டால், "எனக்குத் தெரியாதுண்ணே" என்றான். அடுத்த நாளும் அவனேதான். கட்டர் உடைந்த ஜன்னலில் அட்டையை ஒட்டிப் பார்த்தான். வெயில் நின்றது, சத்தம் நிற்கவில்லை. ஒவ்வொரு ஹாரனும் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. அறைக்குள் படுத்தான். மனைவி தையலை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். அடுக்கி வைத்த காலர்களை அவள் பார்க்கிற பார்வை, மிஷின் சத்தத்தைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுத்தது. "தைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தான்.

வேலையில் அவனுக்குக் கண் திறந்தபடியே கனவு வந்தது. அட்டைகள் படகுகளாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடிக்கக் கையை நீட்டியபோது சட்டைக் கையை யாரோ பின்னால் இழுத்தார்கள். பிளேடு அவன் கை இருந்த இடத்தில் இறங்கி ஏறியது. இழுத்தவர் சூப்பர்வைசர். அவர் முகமும் வெளுத்துப் போயிருந்தது.

"கனவு காண்றதுக்கு இங்க சம்பளம் இல்ல. இன்னொரு தடவ பார்த்தேன், கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்."

பயத்தைவிட ஆத்திரம்தான் அவனுக்கு அதிகம் வந்தது. மிஷின்மேல் கோபப்பட முடியாது, சூப்பர்வைசர்மேல் கோபப்பட்டால் சோறு போய்விடும். ஐஸ் வண்டிக்காரன் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. அதனால் இஷ்டத்துக்கு ஒரு முகத்தை வைத்துக்கொண்டான்: கொழுத்த கன்னம், பல்லிடுக்கில் சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்பதற்கு ஒரு வாக்கியமும் தயாராக இருந்தது. 'உன் வீட்டுக்குள்ள வந்து உன் கட்டில ஒடச்சா சும்மா இருப்பியா?'

அன்று காலை அவன் வீடு திரும்பியபோது ஐஸ் வண்டி சந்துக்குள் மீன் கடை வாசலில் நின்றது. "அதே ஆள்தான்" என்று டீக்கடை அக்கா கண்ணாலேயே காட்டினாள். கட்டர் நேரே காரிடம் போனான். காரின் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தான், ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினான், தோள் கொடுத்துத் தள்ளினான். கார் முனகிக்கொண்டே நகர்ந்து சந்து வாயில் குறுக்காக நின்றது. இனி ஐஸ் வண்டி வெளியே போக வேண்டுமென்றால் பறக்க வேண்டியதுதான்.

"என்னய்யா பண்ற?" என்றாள் அக்கா.

"வந்து கெஞ்சட்டும். பேசிட்டு எடுக்கறேன்."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாய்மானத்தைப் பின்னால் தள்ளினான். வெயில் நேரே முகத்தில் அடித்தது. கை அதுபாட்டுக்குத் தோளிலிருந்த துண்டை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டது. எத்தனையோ காலைகளில் செய்த வேலை; அதற்கு மூளையைக் கேட்கத் தேவையில்லை.

பிறகு ஒரு விஷயம் நடந்தது. சந்து வாய் அடைபட்டதால் வண்டிகள் உள்ளே வருவது நின்றது. வந்தவையும் பின்வாங்கி வேறு பக்கம் போயின. ஹாரன் இல்லை, கைவண்டி இல்லை. அந்தச் சந்துக்கே பழக்கமில்லாத ஓர் அமைதி, அவன் உண்டாக்கிய அமைதி, உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. வாக்கியத்தை இன்னொருமுறை சொல்லிப் பார்த்தான். 'உன் வீட்டுக்குள்ள வந்து' என்பதோடு அது அறுந்துவிட்டது.

கனவில் குளிர்ச்சியாக இருந்தது. அட்டைப் படகில் மல்லாந்து படுத்துக் கட்டர் போய்க்கொண்டிருந்தான். அடியில் தண்ணீர் சளசளத்தது. கரையில் மனைவி உட்கார்ந்து கையால் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஓர் ஆண் கெஞ்சுவதும் அவள் 'உஷ்' என்பதும் கேட்டன. கட்டருக்கு இரண்டு கையும் இருந்தது, பத்து விரலும் இருந்தது. அது போதும் என்று சந்தோஷமாக இருந்தது.

கண் விழித்தபோது வெயில் எதிர்ச்சுவருக்கு மாறியிருந்தது. உடம்பு இறகாக இருந்தது. கதவைத் திறந்து காலை வைத்தான், ஈரம். ஐஸ் வண்டியிலிருந்து மரத்தூள் கலந்த தண்ணீர் காருக்கு அடியில் ஓடிச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. சளசளப்பு கனவில் வந்ததல்ல.

மனைவி காரின் முன்பக்கம் சாய்ந்து நின்று காலரில் பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்தாள். "தூங்கிட்டியா நல்லா?" என்றாள். அவள் குரலில் காவல் முடித்த நிம்மதி இருந்தது. "அந்தாள் எழுப்ப வந்தாரு. தட்ட விடல. அக்காவும் நானும் ஒரு பிடி பிடிச்சோம். நாலு நாளா தூங்காத மனுஷன், எழுப்பி விட்டு கை போச்சுன்னா நீங்களா வந்து சோறு போடுவீங்கன்னு கேட்டேன். அப்புறம் அவரு தட்டவே இல்ல."

ஐஸ் வண்டிக்காரர் மீன் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். கட்டர் மனத்தில் வரைந்து வைத்திருந்த கன்னமும் சிரிப்பும் அவரிடம் இல்லை. அவன் அப்பா வயது. ஐஸ் பிடித்துப் பிடித்து வெளிறிச் சுருங்கிய விரல்கள். அவனைக் கண்டதும் அவர்தான் முதலில் எழுந்து நின்றார்.

"வரேன்னு சொன்னேன் தம்பி. மறுநாளே ரூட்ட மாத்திட்டாங்க. இன்னைக்குத்தான் இந்தப் பக்கம் விட்டாங்க. கட்டிய எறக்கிட்டு உங்களப் பார்க்கலாம்னுதான் இருந்தேன்."

கட்டர் வாக்கியத்தைத் தேடினான். இத்தனை நாள் கூடவே இருந்தது, இப்போது வாயில் வரவில்லை. "பின்னாடி பார்த்து எடுக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டான்.

"பின்னாடி நின்னு கை காட்ட ஒரு ஆள் இருந்தான். ரெண்டு பேர் எதுக்குன்னு அவன நிறுத்திட்டாங்க. ஓட்டறதும் நான், தூக்கறதும் நான், பார்க்கறதும் நான்."

"ஐஸ் எல்லாம்?"

"போச்சு. மார்க்கெட்டுக்கு வேற வண்டி அனுப்பிட்டாங்க." கைப்பேசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "என்னைய, வண்டியக் கொண்டாந்து விட்டுட்டு, சாவியக் குடுத்துட்டுக் கெளம்பச் சொல்லிட்டாங்க. அவ்வளவுதான்."

"எழுப்பியிருக்கலாமே" என்றான் கட்டர். இவ்வளவு கேவலமாக அவன் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

"நானும் ஐஸ் ஃபேக்டரியில ராத்திரி வேலை பார்த்தவன்தான். துண்டப் பார்த்தேன். ஒரு தடவ தட்டலாம்னு கையக்கூடத் தூக்கினேன்."

"நான் உங்க கம்பெனிக்கு வந்து சொல்றேன். என் தப்புன்னு சொல்றேன்."

"யார்கிட்ட சொல்லுவீங்க? கேட்டுல இருக்கறவன்கிட்டயா? அவனே போன வாரம் வந்தவன்."

இரண்டு பேரும் சேர்ந்து காரைச் சுவரோரம் தள்ளினார்கள். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார், ஆனால் கிளப்பவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே இருந்தார். கட்டருக்குப் புரிந்தது. பின்னால் போய் ஈரத்தில் நின்று கையைத் தூக்கினான்.

"வரலாம்... வரலாம். கொஞ்சம் லெஃப்ட்ல. வாங்க, வாங்க."

தண்ணீர் சொட்டச் சொட்ட வண்டி பின்னோக்கி வந்தது. காருக்கும் அதற்கும் நடுவே ஒரு கை புகுகிற இடம் விட்டு அழகாக நழுவியது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சந்து வாயில் வந்ததும் வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"வண்டி ஓட்டுவீங்கதானே தம்பி? நாளைக்குக் காலையில ஐஸ் கம்பெனிக்குப் போய் நில்லுங்க. என் எடத்துக்கு ஆள் எடுப்பாங்க. பகல் வேலைதான், ராத்திரி வீட்டுல தூங்கலாம்." அவர் குத்திக் காட்டவில்லை. தெரிந்த ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, "இன்னும் வரலாமா?" என்று கேட்டார்.

கட்டர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான். கை மட்டும் 'வாங்க, வாங்க' என்று அசைந்துகொண்டே இருந்தது.