தங்கபாய் காரில் ஏறாத ஞாயிறுகள்

ரெத்தினதாஸ் சாருக்குத் தன் மூக்கின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. முப்பத்தொரு வருஷம் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்த மூக்கு. ஹோட்டல் வாசலில் நின்றபடியே உள்ளே காய்கிற எண்ணெய் எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவார். மீன் சந்தையில் அவர் தலை தெரிந்தால் பாதிப் பெட்டிகளுக்கு மூடி விழுந்துவிடும். பென்ஷன் வாங்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியும் அந்த மூக்கு மட்டும் ஓய்வு பெற மாட்டேன் என்று நின்றது. அடுக்களையில் ஏதாவது அடிப்பிடித்தால் அடுப்பைப் பார்க்கும் முன் மனைவி சுகிர்தபாயின் முகத்தைத்தான் பார்ப்பார். அவள் இதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

அப்பேர்ப்பட்டவருடைய காரில்தான் நாற்றம் வந்தது.

கார் என்றால் வாரத்துக்கு ஒரு நாள் ஓடுகிற கார். மற்ற நாளெல்லாம் ஆரியங்கோட்டில் அவருக்கு ஸ்கூட்டர் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உறையை உருவி, கண்ணாடியைத் துடைத்து, பனச்சமூடு போகிற ரோட்டில் இருக்கிற சபைக்கு ஆராதனைக்கு எடுப்பார். பின்சீட்டில் தங்கபாய் ஏறிக்கொள்வாள். கீழ்விளையில் இருக்கிறவள். புருஷன் போய் ஆறு வருஷம். பிறத்தியார் தோட்டத்தில் ரப்பர் வெட்டித்தான் மகள் சுமியை லேப் டெக்னீஷியனுக்குப் படிக்க வைத்தாள். சுமி நெய்யாற்றின்கரையில் ஹாஸ்டலில் இருந்து வேலைக்குப் போகிறாள். தனியாக நடந்து வருகிறாளே என்று ஒரு நாள் சுகிர்தபாய்தான் தங்கபாயைக் காரில் ஏற்றினாள். அது வழக்கமாகிவிட்டது.

இந்த வருஷம் மழை பிடித்ததும் கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட வேண்டி வந்தது. போட்ட இரண்டாவது நிமிஷம் ஒரு வாடை. புளித்தது, அழுகியது, இரண்டும் சேர்ந்தது. ரெத்தினதாஸ் சாரின் மூக்கு விடைத்தது. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். அங்கே தங்கபாய், மடியில் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு. தீர்ந்தது விசாரணை.

ரப்பர் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து ஒட்டிக் கிடக்கிற ஒட்டுப்பாலைப் பிய்த்துச் சாக்கில் கட்டி வைத்தால் மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போக முடியாது. தங்கபாய் வீட்டுப் பின்புறம் எப்போதும் இரண்டு சாக்கு இருக்கும். வேறு சாட்சி எதற்கு? வாடை வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். தங்கபாய் காரில் இருப்பதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். கார் ஓடுவதே அன்றைக்கு மட்டும்தான் என்பது முப்பத்தொரு வருஷ சர்வீஸுக்குத் தோன்றவில்லை.

முதல் வாரம் செருமினார். இரண்டாம் வாரம் கொட்டுகிற மழையில் நாலு கண்ணாடியையும் இறக்கினார். மூன்றாம் வாரம் பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டார். தங்கபாய் ஒன்றும் கேட்காமல் அதன் மேல் உட்கார்ந்தாள். நாலாம் வாரம், சபை முற்றத்தில் வண்டியை நிறுத்தி, சுகிர்தபாய் இறங்கிப் போன பிறகு, திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"தங்கபாய், நீ ஒண்ணும் தப்பா நெனைக்கண்டாம். ஒட்டுப்பால் வாடை தொலிக்குள்ள இறங்கியாச்சுன்னா பின்ன எத்தன குளிச்சாலும் போகாது. ஒனக்க குத்தம் இல்ல. நான் எத்தன பேரப் பாத்தவனாக்கும்."

திட்டியிருந்தால்கூட அவள் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பாள். வாயில்லாத பெண் அல்ல. ஆனால் சார் கனிவாக அல்லவா சொன்னார், ஒரு டாக்டர் நோயைச் சொல்வது மாதிரி. ஹெல்த் இன்ஸ்பெக்டர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் உண்டா? தங்கபாய் தன் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த வாரத்திலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் எந்த பஸ் நேரத்துக்கு வருகிறது? நடந்துதான் வந்தாள். பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் இருந்து பாடுகிறவள், வாசலை ஒட்டின கடைசி பெஞ்சுக்குப் போனாள். ரெத்தினதாஸ் சார் அதைப் பார்த்தார். சொன்னதை மனசிலாக்கிக்கொண்டாளே என்று ஒரு திருப்திகூட வந்தது அவருக்கு. வெட்கக்கேடு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நாற்றம் போகவில்லை. சீட்டில் ஊறிப்போய்விட்டது என்றார். ஷாம்பு போட்டுத் தேய்த்தார். எலுமிச்சையை அறுத்து வைத்தார், காப்பித்தூளைக் கட்டித் தொங்கவிட்டார். சுகிர்தபாய் மூக்கில் தலைப்பை வைத்துக்கொண்டு, இப்போது பின்சீட்டில் ஆள் இல்லையே என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் ரேடியோவைப் போட்டார்.

நாலு மாதம் கழித்து, போனில் ஒரு பையன் மலையாளத்தில் விளக்குகிற வீடியோ கண்ணில் பட்டது. காருக்குள் வருகிற காற்றை வடிகட்ட ஒரு ஃபில்டர் உண்டு, கேபின் ஃபில்டர் என்று பேர், வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், வீட்டிலேயே மாற்றலாம், பத்து நிமிஷ வேலை என்றான். கார் வாங்கி ஐந்து வருஷத்தில் அப்படி ஒன்று இருப்பதே ரெத்தினதாஸ் சாருக்குத் தெரியாது. பாறசாலையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிக்கொண்டு வந்து, சனிக்கிழமை காலையில் போர்ட்டிகோவில் உட்கார்ந்தார்.

முன்சீட்டில் இருப்பவரின் முழங்காலுக்கு எதிரே உள்ள பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த சபை நோட்டீஸ்களையும் மிட்டாய்த் தாள்களையும் வாரி வெளியே போட்டார். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் அது கழன்று தொங்கும் என்றான் பையன். அழுத்தினார், கழலவில்லை. இன்னும் அழுத்தியதில் 'டக்' என்று சத்தம் வந்து, எதையோ உடைத்துவிட்டோம் என்று நெஞ்சு திக்கென்றது. உடையவில்லை. பெட்டி இறங்கியது. அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு சின்ன மூடி. கிளிப்பை விரலால் நெம்பி மூடியை எடுத்தார்.

அந்த வாடை முகத்தில் அடித்தது.

ஃபில்டரை இழுத்தார். பாதி வந்து சிக்கியது. இன்னும் இழுத்தபோது கூடவே ஒரு கூடு சரிந்து அவர் மடியில் விழுந்தது. சருகு, பஞ்சு, ரப்பர் கொட்டையின் ஓடு, அவர் வீட்டு மொட்டைமாடியில் காயப்போடுகிற நெத்தோலி மீனின் தலைகள். நடுவில் ஒரு தாய் எலி, காய்ந்து போய். அதன் வயிற்றை ஒட்டி நாலு குஞ்சு. ஃபில்டரின் மடிப்புகளெல்லாம் நனைந்து காய்ந்து கறுத்திருந்தன.

ரெத்தினதாஸ் சார் எழுந்திருக்கவில்லை. காருக்குக் கீழே கால்களை நீட்டி அப்படியே இருந்தார். மூளை முந்தியே கணக்குப் போட்டுவிட்டது: மழை, ஏசி, ஞாயிற்றுக்கிழமை. சபை முற்றத்தில் அன்றைக்குத் தான் பேசின ஒவ்வொரு சொல்லும் திரும்பிக் காதில் விழுந்தது. 'ஒனக்க குத்தம் இல்ல' என்ற சொல்தான் எல்லாவற்றிலும் அசிங்கமாகக் கேட்டது.

பிறகு, யாரும் பார்க்கும் முன் எல்லாவற்றையும் வாரிக் குழி தோண்டி மூடினார். உள்ளே டெட்டால் நனைத்த துணியால் துடைத்தார். புது ஃபில்டரை அம்புக்குறி மேலே பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு, மறுபடி உருவி, கீழே பார்க்க வைத்தார். ஏசி போட்டார். சுத்தமான காற்று. இத்தோடு விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தார், ஆமாம், நினைத்தார்.

சுகிர்தபாய் குழியைப் பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்டாள். சொன்னார். அவள் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை.

"சுமிக்க கல்யாணத்துக்கு தங்கபாய் முன்னால நிக்கமாட்டாளாம், தெரியுமா? பொண்ணுக்குப் பக்கத்துல தனக்க அண்ணங்காரனுக்க பெஞ்சாதி நிப்பாளாம். இவ பின்னால சமையப்புரையப் பாத்துக்கிடுவாளாம்."

ஏன் என்று கேட்டார் ரெத்தினதாஸ்.

"எனக்கிட்டயா கேக்கிய?" என்றாள் அவள்.

கல்யாணம் வியாழக்கிழமை. நடுவில் நாலு நாள்தான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கீழ்விளையில் தங்கபாய் கிணற்றடியில் ரப்பர் ஷீட் கழுவிக்கொண்டிருந்தாள். சாரைக் கண்டதும் வரவேற்க வரவில்லை, பின்னால் போனாள். கிணற்றுக்கு அந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, நாலு எட்டு தள்ளிப் போய் நின்றுகொண்டுதான், வாருங்க சாரே, இருங்க சாரே என்றாள். ரெத்தினதாஸ் சாருக்கு வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்ததில் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்: காருக்குப் புது ஃபில்டர் போட்டிருக்கிறேன், இனி வாடை வராது, நாளைக்குக் காரிலேயே வா.

தங்கபாயின் முகம் மலர்ந்தது. "எனக்காகவா சாரே மாத்தினிய?" என்றாள். அப்புறம் தலையை ஆட்டினாள். "வேண்டாம் சாரே. புதுசையும் நான் கெடுக்கண்டாம். நீங்க நெனச்சதே போதும்."

சரி என்று சொன்னார். ஆமாம், சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். முள்வேலி வரைக்கும் போய்விட்டார். பின்னாலிருந்து அவள், நல்ல மனுஷன் என்று யாரிடமோ சொல்வது கேட்டது. அதற்கு மேல் கால் நகரவில்லை. மனுஷன் எத்தனை தூரம்தான் இறங்குவான்?

திரும்பி வந்தார். "தங்கபாய், நான் பொய் சொல்லியாச்சு. அது ஒனக்க வாடை இல்ல. எலியாக்கும். காருக்குள்ள எலி செத்துக் கெடந்திருக்கு. நான்தான் பாக்காம, ஒன்னப் போட்டு..." "எனக்கு மாப்பு தரணும்."

"எலியா?"

"எலி. குட்டியும் உண்டு."

"அப்போ அது நான் இல்லயா?"

"இல்ல. ஒரு நாளும் நீ இல்ல."

கோபப்படுவாள் என்று நினைத்தார். கையில் இருக்கிற ஈர ஷீட்டை எடுத்து முகத்தில் வீசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். தங்கபாய் சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வீட்டைப் பார்த்து, "ஏட்டி சுமி, நான் இல்லயாம் மக்கா! எலியாக்கும்!" என்று கூப்பிட்டாள்.

சுமி வாசலுக்கு வந்தாள். அவள் சிரிக்கவில்லை. ரெத்தினதாஸ் சாரைப் பார்த்துச் சொன்னாள். "அம்ம நாலு மாசமா சுண்ணாம்பும் எலுமிச்சயும் வச்சுக் கையத் தேய்க்கா. தொலி வெடிச்சு ரெத்தம் வந்தது. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அடுக்களைய விட்டு வெளிய வரல்ல. மாப்பிளைக்க அம்ம, இந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லயாண்ணு கேட்டாவ."

"சும்மா இரி பிள்ளே," என்று அதட்டினாள் தங்கபாய். "வேற யாராவது வந்து சொல்லுவினுமா? சார் ஆனதுனால வந்து சொன்னாரு."

அது சாட்டையடியாக விழுந்தது அவர் மேல். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் கைகளில் வைத்தார். முழங்கை வரைக்கும் தோல் வெளிறி, வரிவரியாகக் கீறி இருந்தது. அந்தக் கைகளை அவள் இப்போது ஒளிக்கவில்லை. திடீரென்று ஏதோ நினைவு வந்தவளாகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அப்போ சாரே," என்றாள், கொஞ்சம் தயங்கி. "வியாழக்கிழமை நான் சுமிக்க பக்கத்துல நிக்கலாமா?"

நீதான் நிக்கணும் என்று சொல்லவேண்டும். பெற்ற மகளின் கல்யாணத்தில் நிற்பதற்கு, தங்கபாய் கிணற்றுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்று அவருடைய உத்தரவுக்காகக் காத்திருந்தாள்.