டன்கெரிக்கைச் சுற்றியவள்

டன்கெரிக் குன்றை ஊர் சுற்றி வராத வருடம் என்று ஒன்று கிடையாது. ஜூன் மாதம் ஓர் இளைஞன் நீலக்கொடியோடு முன்னால் போக, ஊரே குதிரையேறிப் பின்னால் போகும். எல்லைக்கல் ஒவ்வொன்றையும் கொடி தொட வேண்டும். விட்டுப்போன இடம் ஊர் கையைவிட்டுப் போனதுதான். ஒரு காலத்தில் போதையில் இருந்த ஒருவன் இரண்டு கல்லை விட்டுவிட்டுக் குறுக்கே போனான். பக்கத்துப் பண்ணைக்காரன் அன்று சாயங்காலமே அங்கே மாட்டை மேய விட்டான். அந்தச் சரிவுக்கு இன்றும் குடிகாரன் பள்ளம் என்றுதான் பெயர். உலகப் போர்களின்போதுகூட, படைக்குப் போக முடியாத கிழவர்கள் மூட்டுவலியோடு நடந்தே சுற்றினார்கள். குன்று அப்படி, ஊரும் அப்படி.

இரண்டாயிரத்து ஒன்றில் கோமாரி வந்தது. பக்கத்துப் பண்ணையின் செம்மறிகளையெல்லாம் சுட்டு எரித்தார்கள். குன்றில் வெளியாள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆடுகளோடு குன்றிலேயே இருந்தவள் நெட்டா ஸ்கூலர் ஒருத்திதான். அறுபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவள், நாக்கு மட்டும் கத்தி.

சவாரிக் கமிட்டித் தலைவர் வாட்டி பிரிங்கிள் பண்ணை வாசலில் வந்து நின்றார். நடுவே கிருமி கொல்லும் மருந்தில் நனைத்த வைக்கோல். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள்.

"நெட்டா, எங்க மானத்தக் காப்பாத்தணும். நீதான் கொடியைப் பிடிக்கணும்."

"நானா? பதினெட்டு வயசுல வந்து கேட்டேனே, ஞாபகமிருக்கா? பொம்பளை தொட்டா கொடி வெளுத்துடும்னு சிரிச்சீங்க. அதுல நீதான்யா ரொம்ப பல்லக் காட்டினே."

"அப்ப எனக்கு வயசும் இல்ல, புத்தியும் இல்ல."

"வயசு வந்துடுச்சு."

வாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் நெட்டாவுக்குக் கோபம் பாதி வடிந்துபோனது.

"ஊர் மன்றத்துல கொடி பிடிச்சவங்க பலகை இருக்கே, அதுல என் பேர் ஏறணும்."

"தங்க எழுத்துலயே எழுதிடறேன் தாயே."

"சரி, அந்தக் கொடிப் பையை வாசல்ல வெச்சுட்டு நகரு. மருந்தடிச்சு எடுத்துக்கறேன்."

சவாரி நாளில் விடியும்போதே கிளம்பினாள். உச்சிக்கு ஏறும் வழியில் பழைய காலத்துக் கோட்டையின் மண்மேடுகள் வளையம் வளையமாகக் கிடந்தன. யார் கட்டினார்கள், யாருக்குப் பயந்து கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கட்டியவர்கள் போய்விட்டார்கள், மேட்டில் புல் மட்டும் கெட்டியாக நிற்கிறது. நெட்டாவுக்கு அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். அன்றும் நிமிர்ந்தது.

வடக்குச் சரிவுக்கு வந்தபோது மூடுபனி இறங்கியது. கையில் இருந்த கொடியின் நுனி கண்ணுக்குத் தெரியவில்லை. உள்பக்கம் ஒதுங்கினால் கல் விட்டுப்போகும், ஊரின் நிலம் போகும். வெளிப்பக்கம் போனால் செம்மறிகளை எரித்த பண்ணை. அங்கே மிதித்த காலில் நோய் ஒட்டும், அதோடு தன் ஆடுகளிடம் திரும்ப முடியாது. வேலியும் இல்லை, குரல் கொடுக்க ஆளும் இல்லை. நெட்டா பயந்துபோனாள். "உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று தன்னையே வைதாள்.

அப்போது பக்கத்தில் இருமல் கேட்டது. டச்சஸ். மந்தையிலேயே கிழட்டு ஆடு, மகா திமிர் பிடித்தது. கொம்பை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தது. சட்டென்று நின்றது. இடதுபக்கம் திரும்பி மறுபடி நடந்தது.

நெட்டாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த மலை ஆடுகளுக்கு யாரும் வேலி போட்டதில்லை. தாய் எதுவரை மேய்ந்ததோ அதுவரைதான் குட்டி மேயும், அதன் குட்டியும் அப்படித்தான். பழைய மடத்துத் துறவிகள் விட்ட மந்தையின் வழிவந்தவை இவை என்பார்கள். குதிரையும் கொடியும் வருடத்துக்கு ஒரு நாள் செய்வதை இந்த வாயில்லா ஜீவன்கள் தினமும் செய்துகொண்டிருக்கின்றன. நாற்பது வருடம் மேய்த்தவளுக்கே அது இன்றுதான் உறைத்தது.

"நட மகராசி," என்றாள். "நான் வரேன்."

ஆடு நின்ற இடத்தில் கையை நீட்டித் தடவினாள். பாசி படிந்த கல். கொடியால் தொட்டாள். அடுத்த கல்லுக்கும் ஆடுதான் கூட்டிப்போனது, அதற்கு அடுத்ததற்கும். நடுவில் புல் மேய நின்றபோது நெட்டாவும் பொறுமையாக நின்றாள். கடைசிக் கல்லைத் தொட்டுவிட்டு உச்சிக்கு ஏறியபோது அவளுக்கு மூச்சு இரைத்தது, பனி மட்டும் விலகவில்லை.

உச்சியில் கொடி பிடித்தவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கீழே நிற்கும் ஊர் "எங்களது" என்று பதில் சொன்னால்தான் சுற்று முடிந்ததாகக் கணக்கு. உத்தரவுப்படி இந்த வருடம் ஊர் இரண்டு மைலுக்கு அப்பால், சாலையில் நின்றிருந்தது. இருந்தாலும் கொடியை ஊன்றி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"டன்கெரிக் யாரோடது?"

பதில் இல்லை. பனி அவள் குரலை அப்படியே விழுங்கியது. மறுபடி கத்தினாள். குரல் உடைந்தது. கேட்டிருக்காது, எப்படிக் கேட்கும் என்று நினைத்தாள். மூன்றாவது தடவை வாயைத் திறந்தவளுக்குச் சத்தமே வரவில்லை.

டச்சஸ் தலையைத் தூக்கி அடித்தொண்டையில் கத்தியது. சரிவு முழுக்க நின்ற ஆடுகள், ஒன்றைக் கேட்டு இன்னொன்றாக, அடிவாரம்வரை கத்திக்கொண்டே போயின.

கீழே ஒரு கார் ஹாரன் அடித்தது. பிறகு பத்து. பிறகு சாலையில் நின்ற அத்தனை வண்டிகளும். தேவாலய மணியும் சேர்ந்துகொண்டது.

நெட்டா ஈரப் புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.